கேஒய்சி கேட்காத தளத்தில் யூஎஸ்டிடியை யூஎஸ்டிசியாக மாற்றலாமா?

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் இந்திய எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் வாங்கிய 4,800 யூஎஸ்டிடி என் சொந்த வாலட்டில், டிரான் என்ற பிளாக்செயின் நெட்வொர்க்கில் இருக்கிறது. இதை யூஎஸ்டிசியாக மாற்றி வைத்துக்கொள்ள நினைக்கிறேன். ஆதார், பான், செல்ஃபி எல்லாவற்றையும் இன்னொரு தளத்திடம் கொடுக்க மனமில்லை. "பதிவு வேண்டாம், கேஒய்சி வேண்டாம், ஐந்தே நிமிடம்" என்று சொல்லும் தளம் ஒன்றை நண்பர் காட்டினார். நம்பலாமா? சட்டப்படி தப்பா? வரி ஏதும் வருமா? (வாசகர், ஈரோடு)

பதில்: மாற்றலாம், சட்டப்படி தப்பில்லை, வரி உண்டு. ஆனால் நண்பர் காட்டிய வகைத் தளம் வேண்டாம். (மற்ற வாசகர்களுக்கு: யூஎஸ்டிடி, யூஎஸ்டிசி இரண்டுமே ஒரு டாலர் மதிப்பில் நிற்கும்படி உருவாக்கிய கிரிப்டோ நாணயங்கள். முதலாவதை டெதர் நிறுவனமும் இரண்டாவதை சர்க்கிள் நிறுவனமும் வெளியிடுகின்றன.)

அடையாள ஆவணம் கொடுக்கத் தயங்குவது நியாயமான தயக்கம்தான். 2025 மே மாதத்தில் காயின்பேஸ் என்ற அமெரிக்க கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் நிறுவனமே ஒரு தகவலை வெளியிட்டது: வெளிநாட்டு வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் சிலருக்குக் கையூட்டுக் கொடுத்து, 69,000-க்கும் அதிகமான பேரின் விவரங்களைத் திருடிவிட்டார்கள். அதில் அடையாள அட்டைப் படங்களும் இருந்தன. அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனத்துக்கே இந்தக் கதி. அதனால் உங்கள் நோக்கத்தில் குறையில்லை, வழியைத்தான் பார்க்க வேண்டும்.

"கேஒய்சி இல்லை" என்ற ஒரே பலகையின் கீழ் இரண்டு வேறு வேறு கடைகள் இருக்கின்றன. எதற்குள் நுழைகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: மாற்றம் நடக்கும் அந்தச் சில நிமிடங்களில் உங்கள் காசு யார் கையில் இருக்கிறது?

நண்பர் காட்டியது முதல் வகை. தளம் ஒரு முகவரி கொடுக்கும், நீங்கள் யூஎஸ்டிடியை அதற்கு அனுப்புவீர்கள், அவர்கள் தங்கள் கையிருப்பிலிருந்து யூஎஸ்டிசியைத் திருப்பி அனுப்புவார்கள். இடைப்பட்ட நேரத்தில் காசு முழுக்க அவர்களுடையது. இந்தத் தளங்களின் விதிமுறைப் பக்கத்தைக் கடைசி வரை படித்தால், பெரும்பாலும் ஒரு பத்தி கிடைக்கும்: வரும் காசைப் பகுப்பாய்வு மென்பொருளில் ஓட்டி அபாய மதிப்பெண் பார்ப்போம், சந்தேகம் இருந்தால் நிறுத்திவைப்போம், பாஸ்போர்ட்டும் வருமான ஆதாரமும் கேட்போம். அதாவது கேஒய்சி உண்டு, காசு உள்ளே போன பிறகு உண்டு. அப்போது உங்கள் முன்னால் இருப்பது இரண்டே வழி, ஆவணத்தைக் கொடுப்பது அல்லது 4,800 டாலரை மறப்பது. முகவரியே தெரியாத நிறுவனத்திடம் ஆதாரைக் கொடுப்பதைவிட, ஆர்பிஐ கண்பார்வையில் உள்ள வங்கியிடம் கொடுப்பது எவ்வளவோ மேல்.

தளமே கவிழ்வதும் உண்டு. ஃபிக்ஸட்ஃப்ளோட் என்ற இதே வகைத் தளம் 2024 பிப்ரவரியில் ஹேக் ஆகி, சுமார் 2.6 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்களை இழந்தது. இஎக்ஸ்சிஎச் என்ற இன்னொரு தளத்தின் சர்வர்களை 2025 ஏப்ரல் கடைசியில் ஜெர்மானியக் காவல்துறை கைப்பற்றியது, கூடவே 3.4 கோடி யூரோ மதிப்புள்ள கிரிப்டோவையும். பைபிட் என்ற எக்ஸ்சேஞ்சில் திருடிய பணம் அந்த வழியாகப் போனது என்பது குற்றச்சாட்டு. இப்படிப்பட்ட தளத்திலிருந்து வரும் யூஎஸ்டிசிக்கும் அந்த வாடை ஒட்டிக்கொள்ளும். நாளைக்கு நீங்கள் எக்ஸ்சேஞ்சில் போடும்போது கேள்வி உங்களிடம்தான் வரும்.

இரண்டாவது வகை டெக்ஸ் எனப்படும் பரவலாக்கப்பட்ட சந்தை. இங்கே எதிர்த்தரப்பில் ஆள் இல்லை, ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது செயினில் தானாக இயங்கும் நிரல், மட்டும் இருக்கிறது. பலர் போட்டுவைத்த யூஎஸ்டிடியும் யூஎஸ்டிசியும் ஒரு குளத்தில் கிடக்கும். நீங்கள் ஒன்றைப் போட்டு மற்றதை எடுப்பது ஒரே பரிவர்த்தனைக்குள் நடக்கும். இரண்டும் நடக்கும், அல்லது இரண்டுமே நடக்காது. காசை யாரும் நடுவில் பிடித்து வைத்திருக்கவில்லை என்பதால்தான் யாரும் ஆவணம் கேட்பதில்லை. டாலர் நாணயங்களுக்கென்றே கர்வ் என்ற டெக்ஸ் 2020-ல் கொண்டுவந்த சூத்திரம், விலை ஒன்றுக்கு ஒன்று என்ற இடத்துக்கு அருகில் இருக்கும்வரை பெரிய தொகையையும் அதிகம் நழுவாமல் மாற்றித் தரும். யூனிஸ்வாப் என்ற இன்னொரு டெக்ஸ் 2021 நவம்பரில் இதே தேவைக்காக 0.01% கட்டணப் பிரிவைக் கொண்டுவந்தது. உங்கள் 4,800-க்கு அது 48 சென்ட். அதே ஸ்வாப்பை மெட்டாமாஸ்க் வாலட்டுக்குள் இருக்கும் பொத்தானை அழுத்திச் செய்தால், அதன் வழக்கமான 0.875% சேவைக் கட்டணக் கணக்கில் 42 டாலர் போய்விடும். பொத்தான் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதற்கு அவ்வளவு விலை.

(டெதர் நிறுவனத்திடமே நேராகக் கொடுத்து டாலராக வாங்க முடியாதா என்றால், அதற்குக் குறைந்தபட்சத் தொகை 1,00,000 டாலர், அதோடு முழு சரிபார்ப்பும் உண்டு.)

இனி உங்கள் கேள்வியின் முடிச்சுக்கு வருவோம். காசு டிரானில் இருக்கிறது. யூஎஸ்டிசியை வெளியிடும் சர்க்கிள் நிறுவனம் 2024 பிப்ரவரியில் டிரானில் புதிதாக வெளியிடுவதை நிறுத்தியது, ஒரு வருட அவகாசத்துக்குப் பிறகு ஆதரவை முழுவதுமாக விலக்கிக்கொண்டது. எனவே டிரான் டெக்ஸ்களில் யூஎஸ்டிசி என்ற பெயரில் இன்று எது கண்ணில் பட்டாலும் தொடாதீர்கள். அதற்குப் பின்னால் சர்க்கிளின் பொறுப்பு இல்லை, போலி டோக்கனாகவும் இருக்கலாம். நீங்கள் வேறு நெட்வொர்க்குக்குப் பிரிட்ஜ், அதாவது ஒரு செயினிலிருந்து இன்னொன்றுக்குக் காசைக் கடத்தும் சேவை, வழியாகக் கடந்தாக வேண்டும்.

எங்கே கடப்பது? இந்தத் தொகைக்கு, எத்தேரியத்தைச் சார்ந்து இயங்கும் ஆர்பிட்ரம் நெட்வொர்க் பொருத்தமாகப் படுகிறது. அங்கே 2023 ஜூன் முதல் சர்க்கிளே நேரடியாக யூஎஸ்டிசி வெளியிடுகிறது, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நெட்வொர்க்குக்குக் கட்டும் கேஸ் கட்டணம் சில சென்ட்தான். இன்னொரு நன்மையும் உண்டு. எத்தேரியம் முதன்மைச் செயினில் உங்கள் பரிவர்த்தனை உறுதியாவதற்கு முன் எல்லோர் கண்ணுக்கும் படும்படி வரிசையில் நிற்கும். ஆர்பிட்ரமில் அப்படியொரு பொது வரிசை கிடையாது. இதன் அருமை கீழே புரியும்.

ஆல்பிரிட்ஜ் கோர் போன்ற பிரிட்ஜ்கள் டிரான் யூஎஸ்டிடியை வாங்கிக்கொண்டு மறுபக்கம் நேராக யூஎஸ்டிசியாகவே தரும், ஸ்வாப்பும் அதற்குள் அடக்கம். அல்லது யூஎஸ்டிடியாகவே ஆர்பிட்ரமுக்குக் கொண்டுபோய், அங்கே யூனிஸ்வாப்பிலோ கவ்ஸ்வாப்பிலோ மாற்றலாம். எது லாபம் என்பது அன்றைய குளத்தின் நிலையைப் பொறுத்தது. 4,800 என்று தட்டிப் பாருங்கள், கையில் வரும் எண்ணை ஒப்பிடுங்கள். எல்லாக் கட்டணமும் போய் 4,780-க்குக் கீழே காட்டினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஒன்று மனதில் இருக்கட்டும்: பிரிட்ஜ் என்பது ஒரே பரிவர்த்தனை அல்ல. ஒரு பக்கம் காசு உள்ளே போய், செய்தி கடந்து, மறுபக்கம் வெளியே வர வேண்டும். டெக்ஸ் ஸ்வாப்பில் உள்ள "இரண்டும் அல்லது எதுவுமில்லை" என்ற உறுதி இங்கே இல்லை. ஆகவே மொத்தத்தையும் ஒரே தடவையில் அனுப்பாமல் முதலில் 50, அது வந்து சேர்ந்ததும் மீதி.

டிரான் பக்கம் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது அதன் சொந்த நாணயமான டிஆர்எக்ஸ் இல்லாமல்தான். யூஎஸ்டிடியை நகர்த்த எனர்ஜி என்ற அலகு தேவை, அங்கே கேஸ் போல. சாதாரணமாக ஒருவருக்கு அனுப்பவே சுமார் 65,000 எனர்ஜி, பெறுபவரின் வாலட்டில் யூஎஸ்டிடியே இல்லை என்றால் ஏறத்தாழ 1,30,000. எனர்ஜி இல்லாவிட்டால் அதற்கு ஈடாக டிஆர்எக்ஸ் எரியும். பிரிட்ஜ் கான்ட்ராக்ட் அழைப்பு இதைவிடக் கனமானது, அதற்கு முன் அப்ரூவல் (உங்கள் டோக்கனை எடுக்கக் கான்ட்ராக்ட்டுக்குத் தரும் அனுமதி) ஒன்றும் தனியாக உண்டு. 100 டிஆர்எக்ஸ் வரை கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள், மிஞ்சினால் உங்களிடம்தான் இருக்கப்போகிறது. குறைவாக வைத்து, பாதி வழியில் எனர்ஜி தீர்ந்து தோற்றால், எரிந்த டிஆர்எக்ஸ் திரும்பி வராது. மறுபக்கத்தில் கேஸுக்காகக் கொஞ்சம் ஈத்தர் வேண்டும். 0.001 தாராளம். பிரிட்ஜிலேயே "கூடுதல் கேஸ்" என்ற தேர்வு இருந்தால் அதைச் சொடுக்குங்கள். இல்லையென்றால் ஆர்பிட்ரமில் யூஎஸ்டிசி வந்து உட்கார்ந்திருக்கும், அசைக்க ஒரு பைசா இருக்காது.

இன்னொன்று, டிரான் முகவரியும் ஆர்பிட்ரம் முகவரியும் வேறு வேறு வடிவம். பெறும் முகவரியாக உங்கள் மெட்டாமாஸ்க் அல்லது ரேபி வாலட்டின் முகவரியைத் தர வேண்டும். எக்ஸ்சேஞ்சின் டெபாசிட் முகவரியை அங்கே ஒட்டாதீர்கள். கான்ட்ராக்ட் வழியாக வரும் வரவைச் சில எக்ஸ்சேஞ்சுகள் தானாகக் கணக்கில் ஏற்றாது.

ஆர்பிட்ரமில் டோக்கன் பட்டியலைத் திறந்தால் யூஎஸ்டிசி என்றும் யூஎஸ்டிசி.இ என்றும் இரண்டு தெரியும். இரண்டாவது, சர்க்கிள் வருவதற்கு முன் எத்தேரியத்திலிருந்து பிரிட்ஜ் வழியாக வந்த பழைய வடிவம். விலை ஒன்றாகத் தெரியும், ஆனால் பல எக்ஸ்சேஞ்சுகள் அதை ஏற்பதில்லை. உங்களுக்கு வேண்டியது முதலாவது. பெயரையும் சின்னத்தையும் யார் வேண்டுமானாலும் காப்பியடிக்கலாம் என்பதால், சர்க்கிளின் இணையதளத்தில் உள்ள கான்ட்ராக்ட் முகவரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ஒரே நம்பகமான சோதனை.

தனியாக ஸ்வாப் செய்வதானால் ஸ்லிப்பேஜ் அமைப்பை, அதாவது விலை எவ்வளவு நழுவலாம் என்ற வரம்பை, கையாலேயே வையுங்கள். டாலருக்கு டாலர்தானே, என்ன நழுவப்போகிறது என்ற நினைப்பில் விழுந்தவர்கள் உண்டு. 2025 மார்ச்சில் ஒருவர் யூனிஸ்வாப்பில் சுமார் 2,20,000 யூஎஸ்டிசியை யூஎஸ்டிடியாக மாற்றினார். கையில் வந்தது 5,300-க்கும் குறைவு. நடந்தது இதுதான்: அந்தப் பரிவர்த்தனை பொது வரிசையில் நிற்பதை ஒரு பாட் (தானியங்கி நிரல்) பார்த்தது. அதற்குச் சற்று முன்னால் குளத்தில் இருந்த யூஎஸ்டிடியை வாரி எடுத்து விலையைக் கவிழ்த்தது, இவரை அந்த விலையில் மாற்றவிட்டு, அடுத்த நொடியே பழைய நிலைக்குத் திருப்பியது. சாண்ட்விச் தாக்குதல் என்பது இதைத்தான். "குறைந்தபட்சம் இவ்வளவு வந்தால்தான் நடக்கட்டும்" என்ற வரம்பு இறுக்கமாக இருந்திருந்தால் பரிவர்த்தனை தோற்றிருக்கும், கேஸ் கட்டணம் மட்டும் போயிருக்கும். 2023 மார்ச்சில் இன்னும் கொடுமை: 20 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள கர்வ் குளப் பங்கு டோக்கனை ஒருவர் வரம்பே வைக்காமல் மாற்ற, அவருக்கு வந்தது 0.05 யூஎஸ்டிடி.

டாலர் ஜோடிகளுக்கு 0.1% போதும். 4,800-க்கு அதிகபட்ச நழுவல் 4.80. உறுதி செய்யும் திரையில் "குறைந்தபட்சம் கிடைப்பது" என்ற வரியைப் பாருங்கள், 4,800-ஐ மாற்றினால் அது சுமார் 4,795-க்குக் கீழே போகக் கூடாது. 0.1%-ல் பரிவர்த்தனை திரும்பத் திரும்பத் தோற்றால் வரம்பைத் தளர்த்தத் தோன்றும். வேண்டாம், அது குளம் சாய்ந்திருப்பதற்கான அறிகுறி. சந்தை பதற்றத்தில் இருக்கும் நாளில் எல்லோரும் ஒரே நாணயத்தைக் குளத்தில் கொட்டி மற்றதை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். கவ்ஸ்வாப்பில் நீங்கள் விலை வரம்போடு கையெழுத்து மட்டும் போடுகிறீர்கள், பரிவர்த்தனையை வேறொருவர் போட்டியிட்டு நிறைவேற்றுகிறார். எத்தேரியம் முதன்மைச் செயினில் செய்ய நேர்ந்தால் அதுதான் பத்திரம்.

அப்ரூவல் கேட்கும்போது வரம்பில்லா அனுமதி தராமல் அப்போது மாற்றும் தொகையை மட்டும் சரியாகத் தட்டச்சு செய்யுங்கள். வேலை முடிந்ததும் ரிவோக் கேஷ் தளத்தில் அனுமதி மிச்சமிருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். எத்தேரியத்தின் யூஎஸ்டிடியில் ஒரு வினோதம் உண்டு: பழைய அனுமதி மிச்சமிருந்தால் புதிய தொகைக்கு நேராக மாற்ற முடியாது, முதலில் பூஜ்யமாக்க வேண்டும். இது தெரியாமல் "தளம் கெட்டுவிட்டது" என்று உதவி தேடி டெலிகிராமுக்குப் போனவர்களை அங்கே போலி உதவியாளர்கள் காத்திருந்து பிடிக்கிறார்கள்.

தளத்தின் முகவரியைக் கூகுள் விளம்பரத்திலிருந்து எடுக்கக் கூடாது. கர்வின் பழைய டொமைனே 2022 ஆகஸ்டிலும் 2025 மேயிலும் கடத்தப்பட்டது, இரண்டாவது தடவைக்குப் பிறகு அவர்கள் வேறு டொமைனுக்கே போய்விட்டார்கள். சோதனைக்கு 50 அனுப்பினீர்கள் அல்லவா, மீதியை அனுப்பும்போது வாலட்டின் பழைய பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுக்காதீர்கள். 2025 டிசம்பரில் ஒருவர் 50 யூஎஸ்டிடி சோதனையாகச் சரியாக அனுப்பினார். உடனே, முதலும் கடைசியும் ஒத்த முகவரியிலிருந்து ஒரு மோசடிக்காரன் சில்லறையை அனுப்பிப் பட்டியலில் நுழைந்துகொண்டான். அவர் அதை நகலெடுக்க, கிட்டத்தட்ட 5 கோடி டாலர் போனது.

யூஎஸ்டிசிக்கு மாறினால் பாதுகாப்பு கூடுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி மூழ்கியபோது சர்க்கிளின் 330 கோடி டாலர் அதற்குள் மாட்டியது, யூஎஸ்டிசி 88 சென்ட் வரை விழுந்து, சில நாளில் மீண்டது. டெதர் தன் கையிருப்பு பற்றித் தவறான தகவல் தந்ததாக 2021-ல் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 4.1 கோடி டாலர் அபராதம் போட்டது. இரண்டு நிறுவனங்களுமே எந்த முகவரியையும் முடக்க முடியும், முடக்கியும் இருக்கின்றன. பாதியைப் பாதியாக இரண்டிலும் வைப்பது மொத்தமாக மாறுவதைவிடப் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

இப்போது சட்டம். சொந்த வாலட்டிலிருந்து, சொந்தக் காசை, ஸ்மார்ட் கான்ட்ராக்ட் வழியாக மாற்றும் தனிநபர் கேஒய்சி செய்தே ஆக வேண்டும் என்று இந்தியாவில் விதி இல்லை. 2023 மார்ச் 7-ம் தேதி அறிவிக்கை பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது, பிறருக்காகத் தொழிலாக இதைச் செய்பவர்களை. நண்பர்கள் நாலு பேருக்கு மாற்றிக் கொடுத்து ஆளுக்கு ஒரு சதவீதம் எடுக்க ஆரம்பித்தால் நீங்களும் அந்த வரையறைக்குள் நுழைகிறீர்கள். அதைச் செய்யாதீர்கள்.

கேஒய்சி இல்லை என்பதற்காகக் கண்ணில் படாமல் போய்விடுவீர்கள் என்றும் பொருளில்லை. உங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு எந்த டிரான் முகவரிக்கு அனுப்பியது என்பது தெரியும், அதற்குப் பிறகு நடப்பது அத்தனையும் செயினில் திறந்து கிடக்கிறது. ஆவணம் இன்னொரு இடத்தில் சிதறாமல் இருக்கும், அவ்வளவுதான் இந்த வழியில் கிடைக்கும் லாபம்.

வரி விஷயத்தில் பலர் ஏமாறுவது "டாலர் டாலராகத்தானே இருக்கிறது" என்ற எண்ணத்தில். ஒரு மெய்நிகர் சொத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதும் விற்பனைதான், வருமான வரியின் 115பிபிஎச் பிரிவு ரூபாயில்தான் கணக்குப் பார்க்கும். யூஎஸ்டிடியை 84 ரூபாய்க்கு வாங்கி, மாற்றும் நாளில் 89 என்று வையுங்கள். 4,800-க்கு 24,000 ரூபாய் லாபம். 30% என்றால் 7,200, அதன் மேல் 4% செஸ் 288, ஆக 7,488. கையில் ஒரு ரூபாய்கூட வராமலே இந்த வரி. பிரிட்ஜ் கட்டணம், கேஸ் எதையும் கழிக்க முடியாது, வேறு காயினில் வந்த நஷ்டத்தை இதில் ஈடுகட்டவும் முடியாது. இனி யூஎஸ்டிசியின் அடக்க விலை 89 என்று தொடங்கும். 194எஸ் பிரிவின் 1% டிடிஎஸ், இந்தியாவில் வசிப்பவருக்குச் செலுத்தும் தொகைக்கானது. பானும் முகவரியும் இல்லாத குளத்துக்கு அதை எப்படிப் பொருத்துவது என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு, அவர் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் மாறுகின்றன. மாற்றிய அன்றே பரிவர்த்தனை ஹாஷ் (அதன் அடையாள எண்), தேதி, நேரம், அன்றைய ரூபாய் விலை நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். ரிட்டர்னில் மெய்நிகர் சொத்து அட்டவணை வாங்கிய தேதியையும் விற்ற தேதியையும் தனித்தனியாகக் கேட்கும்.

கடைசியாக, பின்னால் ரூபாயாக்கும்போது டெலிகிராம் ஆட்களிடம் பி2பி, அதாவது ஆளுக்கு ஆள் நேரடி, விற்பனைக்குப் போகாதீர்கள். எதிராளி அனுப்பும் பணம் சைபர் மோசடிப் பணமாக இருந்தால், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன புகாரைப் பிடித்துக்கொண்டு உங்கள் வங்கிக் கணக்கை முடக்குவார்கள். எஃப்ஐயூவில் (மத்திய அரசின் நிதி உளவுப் பிரிவு) பதிவான, ஏற்கனவே நீங்கள் கேஒய்சி முடித்த அதே எக்ஸ்சேஞ்சில் விற்பதே வழி. அதனால் எதையும் தொடங்கும் முன் அந்த எக்ஸ்சேஞ்சின் டெபாசிட் பக்கத்தைத் திறந்து, யூஎஸ்டிசியை எந்தெந்த நெட்வொர்க்கில் ஏற்கிறார்கள் என்று பாருங்கள். ஆர்பிட்ரம் இல்லாமல் பாலிகன் மட்டும் இருந்தால், பிரிட்ஜில் சேருமிடமாகப் பாலிகனைத் தேர்ந்தெடுங்கள். அப்போது ஈத்தருக்குப் பதில் கேஸுக்குப் பாலிகனின் சொந்த நாணயமான பிஓஎல் கொஞ்சம் வைத்திருக்க வேண்டும்.